ஈயம் காய்ச்சப் போகும் மருமகனுக்கு

வாரும் மருமகனே, வாரும். ஈயக்குண்டைக் கடையில காசு குடுத்து வாங்குதவன் ஏமாளி, வீட்டிலேயே காய்ச்சி வார்த்துக்கிடலாம்னு நீரு டீக்கடையில பேசினது எனக்கு எட்டிட்டு. கெட்டிக்காரத்தனந்தான். தூண்டில் கம்பு வாங்கியாச்சு, அதைவிட விலை கூடின சக்கரம் வாங்கியாச்சு, கரையில உக்கார மடக்கு நாற்காலி, வெயிலுக்குத் தொப்பி, ஆத்துக்குப் போய்வர வண்டிக்குப் பெட்ரோல். இம்புட்டுக்கும் அள்ளி விட்டபெறவு குண்டுல மிச்சம் பிடிக்கணும்னு தோணியிருக்கு பாரும், அங்கதான் எங்க அக்கா வளர்ப்பு தெரியுது. போன தடவை நீரு குடுத்துவிட்ட கெளுத்தியை என் வீட்டுப் பூனை மோந்து பார்த்துட்டு ரொம்ப நேரம் யோசிச்சுது. அதைச் சொல்லிக் காட்டல, சும்மா ஞாபகம் வந்துது.

சரி, ஒரு சந்தேகம் கேக்கேன். ஒமக்கு ஈயம் என்னத்துக்கு வே?

கனம் வேணும்பீரு. ஒத்துக்கிடுதேன். காரீயம் தண்ணியைவிட 11 மடங்குக்கு மேல கனம். இரும்பு 8 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கருங்கல் 3-க்கும் கீழ. ஆனா குண்டு கிடக்கப் போறது தராசுத் தட்டுல இல்ல, தண்ணிக்குள்ள. கரையில ஒரு கிலோ நிறுத்த ஈயம் தண்ணிக்குள்ள 912 கிராம் நிக்கும். ஒரு கிலோ இரும்பு 873 கிராம் நிக்கும். வித்தியாசம் 40 கிராம்கூட இல்ல. ஒரு கிலோ கல்லுகூட 630 கிராம் நிக்கும். கூட ஒரு கைப்பிடி கல்லைக் கட்டினா முடிஞ்சுது சோலி. இரும்பு கொஞ்சம் பருமனா இருக்கும், ஒழுக்குல கொஞ்சம் கூட இழுபடும், நாளாவட்டத்துல துருப்பிடிக்கும். அதனால என்ன? ஒம்ம குண்டு துருப்பிடிக்கிற வரைக்கும் ஒம்ம கையில இருந்தா அல்லவா கவலைப்படணும்.

தாமிரபரணியில நீரு தூண்டில் போடுத இடமெல்லாம் எனக்குத் தெரியும். சேரன்மாதேவிக்குக் கீழ பாறை இடுக்கு, முறப்பநாட்டுப் பக்கம் வேரும் முள்ளும். அங்க எறிஞ்ச குண்டு திரும்பி வந்தா அதிசயம். அப்படிப்பட்ட இடத்துல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தி எறியுதது, ஆத்துக்கு மொய் எழுதுத கதைதான். இதுக்கு ஒரு உபாயம் இருக்கு, கேளும். நரம்புல முள்ளைக் கட்டுதீருல்லா, அதுக்குக் கீழ நேரா குண்டைக் கட்டாதேயும். ஒரு சாண் நீளத்துக்குப் பழைய தையல் நூல், நரம்பைவிடச் சீக்கிரம் அறுதது, அதைக் கட்டும். அதோட நுனியில ஆத்தங்கரைக் கல்லு ஒண்ணு. நீளவாக்கான கல்லா, நடுவுல இடுப்பு ஒடுங்கின கல்லாப் பொறுக்கினா முடிச்சு வழுகாது. கல்லு இடுக்குல மாட்டினா நூல் அறும், கல்லு ஆத்தோட போகும், நரம்பும் முள்ளும் மீனும் ஒம்ம கைக்கு வரும். செலவு? குனியணும். ஒமக்கு வயிறு இடிக்கும், அதுதான் செலவு.

கல்லு கௌரவக் குறைச்சல்னு தோணினா மெக்கானிக் செட்டுக்குப் போம். தேஞ்ச நட்டு, பழைய ஸ்பார்க் பிளக்கு, பெயரிங் உருளை எல்லாம் டப்பா டப்பாவாக் கிடக்கும். கடலோரப் பாறையில தூண்டில் போடுதவங்க எத்தனையோ நாட்டுல பழைய ஸ்பார்க் பிளக்கைத்தான் குண்டாக் கட்டி எறியுதாவ. நட்டுல ஓட்டை வேற போட்டே தந்திருக்கான். இதைவிட என்ன வேணும்?

வீச்சுவலைக்குன்னா பேச்சு வேற. அங்க ஈயத்தோட அருமை நிசந்தான். வலையை வட்டமா விரிச்சு எறிஞ்சா அடிக்கயிறு பூரா ஒரே சமயத்துல தரையைத் தொடணும். ஒரு பக்கம் தாமதிச்சாப் போதும், மடவை அந்தச் சந்துல நுழைஞ்சு போயிரும். அதுக்கு ஒம்மைவிடப் புத்தி கூட. ஈயமணி சின்னதா இருந்தும் கனக்கும், நூலை அறுக்காது, துரு ஏறி நைலானை அரிக்காது, கயிறோட வளைஞ்சு குடுக்கும். இரும்புச் சங்கிலியும் கோக்குதாவ, ஆனா தோளுல போட்டு எறியுதவனுக்குத்தான் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். என் வலைகூட பரண்ல கிடக்கு, அடிமணியில பாதி உதிர்ந்துபோய்... சரி, அதை விடும்.

வலைக்கே ஆனாலும் நெருப்பு வேணும்னு யாரு சொன்னா? ஈயம் விரல் நகத்தால கீறினாக் கோடு விழுத உலோகம். தகடா வாங்கும். விரக்கடை அகலத்துக்குக் கத்தரியால நறுக்கும். கயிறு மேல வச்சுச் சுருட்டி, கட்டை மேல போட்டுச் சின்னச் சுத்தியலால நாலு தட்டு. மணி தயார். தூண்டிலுக்குன்னா இன்னும் சின்னத் துண்டு, குறட்டால ஒரு அமுக்கு. புகை இல்ல, சூடு இல்ல, கொப்புளம் இல்ல. கை கழுவணும், அம்புட்டுதான். நறுக்கின துணுக்கைப் பிள்ளைங்க கையில படாம அள்ளி வைக்கணும்.

குறட்டாலன்னு சொன்னேன், கேட்டீரா? பல்லால இல்ல. ஈயமணியை வாயில போட்டு ஒதுக்கிவச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்து நரம்புல மாட்டிக் கடிச்சு மூடுத பெரிய மனுஷங்களை நானும் பார்த்திருக்கேன், நீரும் அப்படித்தான் பண்ணுதீரு. பல்லு இருக்குன்னு காட்ட வேற எம்புட்டோ வழி இருக்கு. கரும்பு வாங்கித் தாரேன்.

இம்புட்டும் கேட்டுட்டு, இல்ல மாமா, காய்ச்சி ஊத்தினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்பீரு. முகத்துல எழுதியிருக்கு. நல்லது. பண்ணும். ஆனா ஈயம் எங்க எடுக்கப் போறீரு?

பழைய பேட்டரியை உடைக்கப் போறேன்னு மட்டும் சொல்லாதேயும். அதுக்குள்ள இருக்கது கந்தக அமிலம். தகட்டு மேல அப்பியிருக்கது உலோகமே இல்ல, ஈயப் பொடியும் ஈய உப்பும். காய்ச்சினா முக்கால்வாசி கசடாப் போகும், மிச்சம் மூக்குக்குள்ள போகும். கூட ஆன்டிமனி, ஆர்செனிக் மாதிரி கலப்புச் சரக்கு வேற. அதைவிட, ஒமக்குப் பிடிச்ச பாஷையில சொல்லுதேன்: பழைய பேட்டரியை அப்படியே கடைக்காரன்கிட்ட குடுத்தா புதுசு வாங்கும்போது காசு கழிச்சுத் தருவான். உடைச்சா அந்தக் காசும் போச்சு. 2022-ல வந்த பேட்டரிக் கழிவு விதியும் அதை முறையாத் திருப்பிக் குடுக்கத்தான் சொல்லுது.

இதுல ஒரு விஷயத்தைக் கேலி பண்ணாமச் சொல்லிருதேன். ஆப்பிரிக்காவுல செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கர் ஓரத்துல தியாரோய்-சூர்-மேர்னு ஒரு கடற்கரை ஊரு. நம்ம ஆளுங்க மாதிரி மீன்பிடிச் சனம். அங்க உள்ள கொல்லர்கள் கார் பேட்டரியை உடைச்சு ஈயம் எடுத்து வலைக்குக் குண்டு வார்த்துக்கிட்டு இருந்தாவ. வருஷக்கணக்கா ஈயத்தூள் மணல்ல சேர்ந்துபோச்சு. ஈய விலை ஏறினதும் ஊர்ச் சனம் அந்த மணலைத் தோண்டிச் சலிச்சு, மூட்டை கட்டி வீட்டுக்குள்ள கொண்டு வச்சுது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில 18 பிள்ளைகள் செத்துப்போச்சு. பிள்ளைக்கு அதை ஊட்டிவிட வேண்டாம் மருமகனே. தரையில தவழ்ந்துட்டு விரலை வாயில வச்சாப் போதும். வயித்துக்குள்ள போன ஈயத்துல நம்ம உடம்பு ஏத்துக்கிடுததைப்போல நாலஞ்சு மடங்கு பிள்ளை உடம்பு ஏத்துக்கிடும். உள்ள போனது எலும்புல போய்த் தங்கும். பெண்டுகள் எலும்புல தங்கினது, அவங்க உண்டாகும்போது வெளிய வந்து வயித்துப் பிள்ளைக்குப் போகும். இம்புட்டு வரைக்கும் போனாப் பரவாயில்லன்னு ஒரு அளவும் இல்லன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது.

சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதேயும். டயர் கடைக்குப் போம். சக்கரத்துல அடிக்கிற எடைக்கட்டி பழசு இருந்தாக் கேளும். அதுலயும் எல்லாம் ஈயம் இல்ல. நாகம் உண்டு, இரும்பு உண்டு. குறட்டால கவ்விப் பாரும். அமுங்கினா ஈயம், குறட்டையே திருப்பி முறைச்சா நாகம். சிமெண்டுத் தரையில போட்டா ஈயம் மொத்துனு விழும், மத்தது கிணுங்கும். ஒண்ணு ரெண்டு தப்பி உள்ள போனாலும் சூட்டை அடக்கி வச்சிருந்தாப் பயமில்ல. ஈயம் 327 டிகிரியில உருகும், நாகத்துக்கு 420 வேணும். உருகாம மேல மிதக்கும், கரண்டியால வாரிப் போட்டுரலாம். நாகம் கலந்த ஈயம் கஞ்சியாத் திரண்டுக்கிட்டு அச்சுக்குள்ள போகாது.

இன்னொண்ணு. ஈயச்சொம்புல ரசம் வச்சுக் குடிக்கோம், அதுல சாகாதவன் இதுல சாகப் போறேனான்னு நீரு கேப்பீரு. அந்தச் சொம்பு வெள்ளீயம் வே, இது காரீயம். சாதியே வேற. சொம்பை உருக்கலாம்னு யோசனை போனா அத்தோட நிறுத்தும். விலையைக் கேட்டா ஒமக்கு நெஞ்சு வலி வரும்.

எங்க வச்சுக் காய்ச்சப் போறீரு? அடுப்பங்கரையில. அதுதானே வசதி? பக்கத்துல மாவரைக்கலாம், புகை போக சன்னல் இருக்கு, தாகத்துக்குக் காப்பி கிடைக்கும். ரொம்பப் பொருத்தம். அப்படியே பால் பாத்திரத்துலயே காய்ச்சிட்டா இன்னும் சிக்கனம். நான் என்ன சொல்லுதது? வெட்டவெளிக்குப் போம் ஓய். தோட்டத்துக் கோடியில, கூரைக்கு எட்டாத இடத்துல, காத்து முதுகுப் பக்கம் இருந்து வருத மாதிரி நிக்கணும். பிள்ளைகள், கோழி, உண்டான பெண்டுகள், வேடிக்கை பார்க்க வருத ஒம்ம கூட்டாளிகள், ஒருத்தரும் கிட்ட வரப்படாது. சட்டி இரும்புதான். மெல்லிசு அலுமினியம் சூட்டுல தொய்ஞ்சு காலைப் பார்த்து ஊத்தும். அந்தச் சட்டியும் கரண்டியும் அதோட சரி, திரும்ப அடுப்பங்கரை வாசல்படி ஏறப்படாது. ஒம்ம வீட்டுக்காரி எண்ணெய்ச் சட்டியைக் காணலன்னு தேடிக்கிட்டு இருக்கா. எங்க இருக்குன்னு நான் சொல்லல.

தண்ணி இருக்கே, அதுதான் எமன். காய்ச்சின ஈயத்துக்கு மேல ஒரு சொட்டு விழுந்தா சொய்யுனு ஆவியாப் போயிரும், பயமில்லன்னு நினைப்பீரு. அதே சொட்டு ஈயத்துக்கு அடியில மாட்டிக்கிட்டா? நீராவி ஆகும்போது தண்ணி 1600 மடங்குக்கு மேல பெருக்கும். மேல கிடக்க ஈயத்தை அப்படியே தூக்கி ஒம்ம முகத்துல அடிக்கும். ஈரக் கரண்டி, ஈர மணல், உள்ள ஈரம் ஒளிஞ்சிருக்க பழைய ஈயக் குழாய்த் துண்டு, எல்லாம் ஒண்ணுதான். அதனால போடவேண்டிய ஈயத்தைச் சட்டி சூடேறுததுக்கு முன்னாலயே போட்டுட்டு அப்புறம் தீ மூட்டும். நடுவுல சேர்க்கணும்னா சட்டி ஓரத்துலயே வச்சுச் சூடு பண்ணிட்டு மெல்ல இறக்கும். கரண்டிக்கும் அச்சுக்கும் அதே சூடு. நல்ல பங்குனி, சித்திரை வெயில்ல பண்ணுத வேலை இது. ஐப்பசி அடைமழையில தூண்டில் போட வழியில்லன்னு பொழுதுபோகாம ஆரம்பிச்சீருன்னா, அடுத்த ஐப்பசிக்கு நாங்க ஒம்ம பேரைச் சொல்லி விளக்கேத்துவோம்.

உடுப்பையும் சொல்லிருதேன். பாலியஸ்டர் லுங்கி உருகி ஒட்டும். பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை. கால்சட்டை நுனி செருப்பு மேல, இல்ல, செருப்பு என்ன செருப்பு, மூடின தோல் பூட்சு. நுனியை அதுக்குள்ள சொருகாதேயும், மேல விடும். சொருகினா விழுந்த ஈயம் உள்ளதான் இறங்கும். கண்ணாடி, தோல் கையுறை. முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டா புகை வராதுன்னு நினைக்காதேயும். கொள்ளைக்காரன் வேஷத்துக்குத்தான் அது ஆகும். ஈய ஆவிக்கு அது ஒண்ணும் செய்யாது. ஆவி கிளம்பாம இருக்கணும்னா சூட்டை அடக்கணும்.

அதை எப்படிப் பார்க்குததுன்னு கேளும், இதுதான் இந்த வேலையில உள்ள ரசனை. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காது. விறகு நமுத்துப் போச்சோன்னு ஒமக்குப் பொறுமை போகும். அப்ப ஒரு ஓரத்துல ஒரு துண்டு மெல்ல இடுப்பு ஒடிஞ்சு உக்காரும். அடுத்தது சரியும். பார்த்துக்கிட்டே இருக்கும்போது சட்டிக்குள்ள கண்ணாடி விழுந்து கிடக்கும், ஒம்ம மூஞ்சி தெரியும். பயப்படாதேயும், அது ஒம்ம மூஞ்சிதான். கொஞ்ச நேரத்துல அது மேல சாம்பல் ஏடு கட்டும். ஏட்டை விலக்கினா தெரியுத இடத்துல லேசாப் பொன் நிறம் ஓடினா பதம். ஊதா, கருநீலம்னு மயில் கழுத்து நிறம் காட்டினா சூடு ஏறிட்டு, விறகை இழும். நிழல்ல வச்சுப் பார்க்கும்போது சட்டி அடி மங்கலாச் செவந்திருந்தா 500 டிகிரி தாண்டிட்டுன்னு அர்த்தம். நீரும் அந்த இடத்தைத் தாண்டிப் போயிரும்.

ஒரு துண்டு மெழுகுவத்தியைப் போட்டுக் கிளறும். புகையும், தீப்பிடிக்கும், விலகி நில்லும். அழுக்கு மேல வரும், நல்ல ஈயம் பளிச்சுனு அடியில நிக்கும். அந்தக் கசடு இருக்கு பாரும், உருகின ஈயத்தைவிட மோசமான சரக்கு அதுதான். மெல்லிய தூள், காத்துல பறக்கும். ஊதித் தள்ளப்படாது, பெருக்கப்படாது. மூடி போட்ட தகர டப்பாவுல அள்ளி, எழுதி ஒட்டி, பழைய ஈயம் எடுக்கிற ஆள்கிட்ட குடுத்துரும். வாய்க்கால்ல கொட்டினா ஊர் ஒம்மைக் கேக்கும். அடுப்புச் சாம்பலும் அப்படித்தான்: கத்தரிச் செடிக்குப் போடலாம், பாத்திரம் தேய்க்கலாம்னு எங்க அக்கா வந்து அள்ளிட்டுப் போயிரப்படாது. அவளுக்குக் கண்ணுல பட்ட சாம்பலை விட மனசு வராது.

அச்சுக்கு மாக்கல் கிடைச்சா ராசா. ரெண்டு பலகையா அறுத்து, உள்ளே குடைஞ்சு, ஊத்த ஒரு வாய் விட்டா ஆயுசுக்கும் ஆகும். தேக்குக் கட்டையிலயும் குடையலாம், நாலஞ்சு ஊத்துக்கு ஓரம் கருகும், அவ்வளவுதான். எதுன்னாலும் விளக்குச் சுடர்ல காட்டிக் கரி பிடிக்கவிடும், ஈயம் ஒட்டாது. நரம்பு மாட்டக் கம்பி வளையத்தை முன்கூட்டியே உள்ள நிறுத்திரணும். ஊத்தும்போது கை நிக்காம மெல்லிசா ஒரே ஓட்டமா விடும். முதல் ரெண்டு மூணு குண்டு கிழவன் கன்னம் மாதிரி சுருங்கித்தான் விழும், அச்சு சூடாகலன்னு அர்த்தம். திரும்பச் சட்டியில போடும். வெள்ளையாப் பனி படிஞ்ச கணக்கா வந்தா சூடு கூடிட்டு. ஆறுததுக்கு முன்னால தண்ணியில முக்கிப் பார்க்குத அவசரம் வேண்டாம். சட்டிக்குப் பக்கத்துல தண்ணி வாளியே ஆகாது.

இம்புட்டு நேரமும் வெத்தலை, பீடி, டீ ஒண்ணும் கூடாது. ஒமக்கு இதுதான் பெரிய கஷ்டம், தெரியும். முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கையும் முகமும், அப்புறம் தலையோட குளியும். உடுப்பை மத்த துணியோட சேர்க்காமத் தனியாத் துவைக்கணும், அதையும் நீரே துவைக்கணும். பிள்ளையைத் தூக்குதது அதுக்கப்புறம். அடிக்கடி பண்ணப் போறீருன்னா ரத்தத்துல ஈயம் எம்புட்டுன்னு பார்க்கப் பரிசோதனை இருக்கு, டாக்டர்கிட்ட கேளும்.

ஆத்துல விட்டுட்டு வருத குண்டு என்ன ஆகும்னும் ஒரு வார்த்தை. தாராவும் அன்னமும் தீனியை அரைக்கக் கூழாங்கல் முழுங்கும். சின்ன ஈயமணியும் கல்லுன்னு நினைச்சு முழுங்கும். இங்கிலாந்துல தேம்ஸ் ஆத்து அன்னமெல்லாம் கழுத்தைத் தூக்க முடியாமச் சாகப் போய்த்தான், 1987-லயே சின்ன ஈயக்குண்டு விக்கப்படாதுன்னு சட்டம் போட்டாவ. டென்மார்க்ல 2002-ல பெரிசு சின்னது எல்லாத்துக்கும் தடை. நம்ம கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து மங்கோலியாவுல இருந்து இமயமலைக்கு மேல பறந்து வருது. அம்புட்டுத் தூரம் வந்தது நீரு பல்லால கடிச்ச மணியை முழுங்கிச் சாகணுமா? குளத்துப் பக்கம் போனா கல்லையோ நட்டையோ கட்டும்.

இப்ப கணக்குப் பாரும். சட்டி, கரண்டி, கையுறை, பூட்சு, கண்ணாடி, விறகு, மெழுகுவத்தி, அச்சு அறுக்கக் கூலி, ஒரு நாள் வேலை கெட்டது. கூட்டிக் கழிச்சா இந்தக் காசுக்கு நாலு ஆளு வலைக்கு ஆகுத மணியைக் கடையில வாங்கியிருக்கலாம். அட, ஒரே ஆளு காய்ச்சி ஒம்பது பேரு பங்கு போட்டாத்தான் இது கட்டும். அதனாலதான் சொல்லுதேன், தனக்குன்னு மட்டும் பார்க்கக் கூடாது. எப்படியும் காய்ச்சத்தான் போறீரு, நான் சொல்லி நீரு நிக்கப் போறதில்ல. சட்டி சூடா இருக்கும்போது கையோட கையா வலைமணி கொஞ்சம் கூட ஊத்தி வையும். பெரிசு வேண்டாம், சுண்டுவிரல் நுனி அளவு, நடுவுல கயிறு போக ஓட்டை விட்டு. பரண்ல இருந்து வலையை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கேன்.